மச்சானின் பாட்டுப்பெட்டியில் நான் செய்த ஆக்கிரமிப்பு

கெடாத பொருளைப் பழுதுபார்க்க உட்காருபவனைப் போல ஆபத்தான ஆள் வேறு கிடையாது. காரைக்காலில் அந்தப் பதவியில் நெடுநாளாக நான்தான் இருக்கிறேன் (போட்டிக்கு ஆளில்லை).

கணினி படித்துவிட்டு சும்மா இருந்த நேரம். லாத்தாவின் கணவர் துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்தார் (அக்காவை நாங்கள் லாத்தா என்போம்). திரும்பிப் போனதும் எனக்கும் தன் கம்பெனியில் வேலைக்குச் சொல்வதாக ஏற்பாடு. அவர் சட்டைப்பையில் தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுப்பெட்டி.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்ளே. தமிழ்ப் பாட்டு பேரு மட்டும் கட்டம் கட்டமா வருது."

"குடுங்க மச்சான். உள்ள ஓடுற ஃபார்ம்வேரையே தொறந்து தமிழ் எழுத்த வச்சிர்றேன்."

திறந்தால் அத்தனையும் குப்பை. தயாரித்தவர்கள் ரகசியக் குறியீட்டில் பூட்டியிருந்தார்கள். குளிக்காமல் வெறித்துப் பார்த்ததில் சில இடங்களில் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. காலி இடத்தைப் பூட்டினால், மறைக்க ஒன்றுமில்லாததால் அங்கே சாவியேதான் பல்லிளிக்கும். சாவியைப் பிடித்துவிட்டேன். (அன்று வீட்டுக்குள் நான் நடந்த நடையைப் பார்த்து உம்மா, "இடுப்புல சுளுக்கா?" என்றார்.)

உள்ளே பெரிய வெற்றிடம். ஆற்றோரப் புறம்போக்கைக் கண்டவன் மாதிரி தமிழ் எழுத்துகளை அங்கே குடியேற்றினேன். பாட்டின் பெயர் பளிச்சென்று வந்தது. அந்த மகிழ்ச்சியில் பாட்டைப் போட்டுப் பார்க்கவில்லை. சத்தத்தை எவ்வளவு வைப்பது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் பெட்டி அந்த 'காலி' இடத்தில்தான் குறித்துக்கொள்ளும் என்று எனக்கெப்படித் தெரியும்?

மறுநாள் மச்சானுக்கு வழியனுப்பும் விருந்து. அவருடைய தகப்பனாரும் வந்திருந்தார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சஹன் தட்டில் பிரியாணி வைத்ததும் பெருமையாகப் பெட்டியை நீட்டினேன். மச்சான் அமுக்கினார்.

முழுச் சத்தத்தில் குத்துப்பாட்டு. எதை அமுக்கினாலும் நிற்கவில்லை. பேட்டரியைக் கழற்றவும் வழியில்லை. தலையணைக்குள் திணித்தேன், பாடியது. லாத்தா பிடுங்கிக்கொண்டு போய் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள், எதிரொலியோடு பாடியது.

"பேரு தமிழ்ல வருதா மச்சான்?" என்றேன்.

"வருது மாப்ளே. நிறுத்தச் சொல்றதுக்கு எந்த பாஷைல சொல்லணும்?"

அவருடைய தகப்பனார் சோற்றைப் பிசைந்தபடி நிதானமாகக் கேட்டார்: "இவனத்தான் ஒங்க கம்பெனில சேத்துவுடப் போறியா? அது எண்ணெய்க் கம்பெனிப்பா."

என் துபாய் அந்த சஹனிலேயே முடிந்தது. இப்போது இங்கேயே மொபைல் உறை விற்கிறேன். வீட்டுக்கு மிக்ஸி வந்தாலும் சரி, மின்விசிறி வந்தாலும் சரி, அட்டைப்பெட்டியைப் பிரிக்கும் முன் லாத்தா எனக்குப் போன் போட்டுவிடுகிறாள்.

"தம்பி, எங்க இருக்க?"

"கடைலதான் லாத்தா."

"அங்கேயே இரு."