காற்று நட்ட முருங்கை

வெட்டிய கொம்பு செத்த கொம்பு என்றும், செத்த கொம்பு யாரையும் காட்டிக்கொடுக்காது என்றும் ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். (தேனி கடைவீதியில் ஜவுளி கிழித்து வளர்ந்தவன் நான். எனக்குக் கீரை என்பது கட்டாக வருவது, மரத்திலிருந்து வருவதில்லை.)

எழுபதுகளில் புதுக் குடித்தனம். பெண் எடுத்தது ஓடைப்பட்டியில், திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில். எங்கள் கொல்லையில் மாமனார் வைத்த முருங்கைதான் தோட்டம். பிரசவத்துக்குப் போகும்போது என் மனைவி செல்லம் அதைக் காட்டிச் சொன்னாள்:

"பிள்ளையோட வந்தா எனக்குப் பால் ஊறத் தெனமும் முருங்கைக்கீரை வேணும். தண்ணி ஊத்த வேணாம், உரம் வைக்க வேணாம். நீங்க ஒண்ணுமே செய்யாம இருந்தாப் போதும். அப்பா இதைச் சின்னக் கன்னா இருக்கையில பஸ்ல மடியில வச்சுக் கொண்டாந்தாக, ஞாபகம் இருக்கட்டும்."

ஒன்றும் செய்யாமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஐப்பசி மழை வரும்வரை அதைச் சிறப்பாகவே செய்தேன்.

மழையோடு கம்பளிப்பூச்சி வந்தது. அடிமரமே தெரியவில்லை. ஒரு காலையில் கொடியில் கிடந்த பனியனை எடுத்து மாட்டினேன். உள்ளே ஏற்கெனவே ஒருவர் குடியிருந்தார். நான் ஆடிய ஆட்டத்தைப் பக்கத்து வீட்டு ராக்கம்மாக்கா சுவருக்கு மேலே தலைநீட்டிப் பார்த்தார்.

"எந்தச் சாமிப்பா வந்திருக்கு? இங்கனயும் கொஞ்சம் விபூதி குடு."

விபூதிக்குப் பதில் அவரிடம் அரிவாள் வாங்கினேன். உடம்பெல்லாம் தடிப்பு, கண்ணெல்லாம் ஆத்திரம். முருங்கை வாழைத்தண்டு மாதிரி வெட்டுப்பட்டது. ஆத்திரம் அடங்கிப் பார்த்தால் இடுப்பளவில் ஒரு மொட்டை மரம். சுற்றிலும் பதினொரு கொம்புகள். பிள்ளை பெற்றவளுக்குக் கீரை இல்லை. மாமனார் முகம் கண்முன்னே வந்து நின்றது.

அவர் தோட்டத்தில் கவாத்து செய்து நறுக்கிப்போட்ட திராட்சைக் குச்சிகள் காய்ந்து விறகாவதைப் பார்த்திருக்கிறேன். இதுவும் அப்படித்தானே? பதினொன்றையும் கொல்லையில் குளிக்கும் இடத்தைச் சுற்றி மறைப்பாக ஊன்றி, தென்னங்கீற்றைக் கட்டினேன். அரிவாள் வெட்டு தெரியாதபடி மொட்டையின் தலையில் ஓட்டைச் சட்டியைக் கவிழ்த்தேன். ஓடைப்பட்டிக்குக் கடிதமும் போட்டேன்: பெருங்காற்றில் மரம் முறிந்துவிட்டது.

மூன்றாம் வாரம், குளிக்கும்போது ஒரு கொம்பில் பச்சையாய் ஒரு புள்ளி. கிள்ளினேன். மறுநாள் நான்கு. அதையும் கிள்ளினேன். தலையில் சோப்பு நுரையோடு தினமும் கிள்ளுவதே வேலையாகிவிட்டது. நான் குளித்த தண்ணீரைத் தவிர அவற்றுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

ஒரு நாள் கிள்ளப் போன விரலைத் திருப்பிக்கொண்டேன். நுனியில் எறும்பளவு இலைகளை ஒரு தளிர் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தது. வெட்டியவன் எதிரிலேயே நிற்கிறான். அதற்கு அது ஒரு பொருட்டே இல்லை. நுரை காய்வதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தையில் குழந்தையோடு வந்தார்கள். மாமனார் நேரே கொல்லைக்குப் போனார். மொட்டை மரம் சட்டியைத் தொப்பியாகத் தூக்கிக்கொண்டு நின்றது. மறைப்பு கீற்றே தெரியாமல் தழைத்திருந்தது. ஒவ்வொரு கொம்பாகத் தொட்டு எண்ணினார்.

"நல்ல காத்துதான் மாப்ளே. வெட்டி, சாண் அளந்து ஊனி, கீத்தும் கட்டிட்டுல்ல போயிருக்கு."

இன்றைக்கும் வீட்டில் எது உடைந்தாலும், "காத்தாப்பா?" என்றுதான் என் மகன் கேட்கிறான்.

நான் வெட்டியதால் நடந்தது இவ்வளவுதான்: அதற்குப் பிறகு தினமும் செல்லம் குளித்துவிட்டு வரும்போதே அன்றைய கீரையையும் ஒடித்துக்கொண்டு வந்தாள்.