பதினான்கு பைகளும் ஒரு சாவியும்

சக்கரத்துக்கு அடுத்தபடியாக மனிதகுலம் கண்டுபிடித்த மகத்தான பொருள் சட்டைப் பை என்பது என் தாழ்மையான கருத்து. அதைவிட மகத்தானது, அந்தப் பைக்குள் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று தீர்மானிக்கும் கமிட்டி. பிலிப்பைன்ஸில் எங்கள் சாந்தா ரெமெடியோஸ் நகராட்சிக்கு அப்படி ஒரு கமிட்டி வாய்த்தது. அதன் செயலாளராகும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. எனக்கு ஆஸ்துமாவும் உண்டு. அது பிறவியிலேயே வாய்த்தது. கமிட்டிக்கு அதில் பங்கில்லை.

கமிட்டி பிறந்த கதை சுருக்கமானது. சந்தை முனையில் ஆள் ஏற்றிவந்த ஒரு ட்ரைசிகிள் ஆட்டோ கவிழ்ந்தது. எங்கள் மீட்புக் குழு ஓடிப்போய் ஆளைத் தூக்கியது. மறுநாள் போட்டோ வந்தது. ஆம்புலன்ஸ் கதவில் மேயரின் சிரித்த முகம் வரைந்திருக்கும் அல்லவா, அதில் பாதியை டிரைவர் புருடென்சியோவின் புடைத்த கால்சட்டைப் பை மறைத்திருந்தது. அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார். போட்டோ பிழைக்கவில்லை. உடனே ‘பணியாளர் பை ஒழுங்குமுறைக் கமிட்டி’ அமைக்கப்பட்டது.

தலைவர் என்ஜினியர் தொலெந்தினோ. மழைநீர் வடிகால் கட்டுவதில் நிபுணர். கட்டுவதோடு சரி, வடிவது தண்ணீரின் பொறுப்பு என்ற கொள்கை உடையவர். முதல் கூட்டத்திலேயே மீட்புக் குழுவினரைப் பைகளைக் காலி செய்யச் சொன்னார். புருடென்சியோவின் பையிலிருந்து மடித்த அட்டை, கம்பிச் சுருள், நான்கு மிட்டாய், தைலப் புட்டி, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு ஆகியவை மேஜைக்கு வந்தன.

“என்னய்யா இது, கடை போடப் போறியா?” என்றார் என்ஜினியர்.

“அட்டை ஒடிஞ்ச கைக்கு வெச்சுக் கட்ட, சார். மிட்டாய் சர்க்கரை இறங்கி மயங்கறவங்களுக்கு. செருப்பு வெள்ளத்துல இறங்கறதுக்கு.”

“வெள்ளமா? அதான் நான் வடிகால் கட்டி முடிச்சாச்சே!”

“அதுக்கப்புறம்தான் சார் செருப்பே வாங்கினேன்.”

‘தலைவர் ஆழ்ந்து சிந்தித்தார்’ என்று நான் மினிட்ஸில் எழுதிக்கொண்டேன்.

அடுத்து மெர்லிண்டா. பன்னிரண்டு வருடமாக ஆம்புலன்ஸில் வேலை பார்க்கும் பெண்மணி. அவர் பைகளில் பிளாஸ்திரியும் கத்தரிக்கோலும் இருந்தன. கழுத்துக் கயிற்றில் மாதா பதக்கத்தோடு ஒரு சின்னத் தட்டைச் சாவி தொங்கியது.

“இது நகையா, மேடம்?”

“ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறக்கற சாவி, சார். வண்டியில சங்கிலி போட்டுக் கட்டின சாவி எப்பவோ காணாமப் போச்சு. அதான் சொந்தக் காசுல ஒண்ணு வாங்கிக் கழுத்துல போட்டுக்கிட்டேன்.”

“காணாமப் போனா மனு எழுதிக் குடுக்கணும்.”

“குடுத்திருக்கேன். ஏழு மனு.”

“அதெல்லாம் எங்க?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏழு மனுக்களும் என் மேஜையில் பத்திரமாக இருந்தன. ஒன்றுகூடத் தொலையவில்லை. அந்த விஷயத்தில் நான் படு கறார்.

மூன்று மாத உழைப்புக்குப் பின் கமிட்டி ஒரு அங்கியைப் பெற்றெடுத்தது. ஆரஞ்சு நிறம், பதினான்கு பைகள், ஒவ்வொன்றுக்கும் எண். முதல் பையில் விசில். இரண்டாவதில் மடித்த பேனர். மூன்றாவதில் மேயரின் விசிட்டிங் கார்டுகள். நான்காவதில் ‘எங்கள் சேவையில் திருப்தியா?’ படிவம். ஐந்தாவதில் அதை நிரப்பப் பேனா. இப்படியே போய்ப் பதிமூன்றாவதில் ஒரு ஜோடி கையுறையும் வந்து சேர்ந்தது. மருத்துவத்தைக் கமிட்டி அடியோடு புறக்கணித்தது என்று யாரும் குறை சொல்ல முடியாது. எண் வரிசைப்படிதான் பைகளைத் திறக்க வேண்டும் என்பது விதி.

“பதினாலாவது பை காலியாத்தானே சார் இருக்கு? சாவியை அதுல வெச்சுக்கறேனே,” என்றார் மெர்லிண்டா.

“அது மேயர் படம் போட்ட விசிறிக்கு,” என்றார் என்ஜினியர். “காத்து வரும் பாருங்க. ஆக்ஸிஜனும் காத்துதானே?”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பறிமுதல் செய்த பொருள்களுக்கு எண் கட்டி, நகராட்சி வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் ‘பழைய பழக்கங்கள்’ என்ற தலைப்பில் வைத்தோம். மெர்லிண்டாவின் சாவி இருபத்தேழாம் எண். பையில் இருப்பதை ஒப்படைக்கச் சொன்ன சுற்றறிக்கையில் ‘அனைத்துப் பணியாளர்களும்’ என்று நானே எழுதியிருந்ததால், முன்மாதிரியாக என் ஆஸ்துமா மருந்துக் குழலையும் ஒப்படைத்தேன். முப்பத்திரண்டாம் எண்.

“செக்ரெட்டரி சார், அதை மட்டும் வெச்சுக்குங்க. உங்களுக்கு மூச்சு முட்டறதை நான் பார்த்திருக்கேன்,” என்றார் மெர்லிண்டா.

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், மேடம்,” என்றேன். சொல்லும்போதே எனக்குப் புல்லரித்தது.

அங்கி வெளியீட்டு விழா நகராட்சி வாசலில் காலை பத்து மணிக்கு. பாதிரியார் வந்து அங்கிகளுக்குத் தீர்த்தம் தெளித்தார். விருந்தில் பன்சித் நூடுல்ஸ். அதைப் பார்த்ததும் மெர்லிண்டாவுக்கு முகம் மாறிவிட்டது.

“டியூட்டி அன்னிக்கு யாராவது பன்சித் வைப்பாங்களா? நூடுல்ஸ் நீளத்துக்குக் கேஸ் வருமே!”

“மூடநம்பிக்கை,” என்று சொல்லிவிட்டு நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மீட்புக் குழு புகைமண்டலத்துக்குள்ளிருந்து கதாநாயகர்கள் மாதிரி நடந்து வரவேண்டும் என்று ஒரு புகை இயந்திரம் வாடகைக்கு எடுத்திருந்தோம். அனுமதிக் கையெழுத்து என்னுடையது. இயந்திரம் நன்றாக வேலை செய்தது. நகராட்சி வாடகைக்கு எடுத்து ஒழுங்காக வேலை செய்த முதல் பொருள் அதுதான். மூன்றாவது நிமிடம் என் நெஞ்சு இறுகியது. ஐந்தாவது நிமிடம் விழுந்தேன். மேடைக்கு நேர் எதிரே, ஆம்புலன்ஸுக்கு மூன்றடி தள்ளி. இதைவிட வசதியாக யாராலும் விழ முடியாது.

“பயப்படாதீங்க!” என்று என்ஜினியர் மைக்கில் முழங்கினார். “அங்கி இருக்கு! முதல் பை!”

புருடென்சியோ விசில் ஊதினார். இரண்டாவது பையிலிருந்து பேனர் விரிந்தது: ‘உங்கள் மூச்சு, எங்கள் மேயர்.’ என்னை நடுவில் வைத்துப் போட்டோ எடுத்தார்கள். கார்டு என் சட்டையில் செருகப்பட்டது. படிவம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

“வரிசையாவது கிரிசையாவது!” என்று மெர்லிண்டா கத்தினார். “சிலிண்டர் நிறைஞ்சு கிடக்கு, திறக்கற சாவி பூட்டிக் கிடக்கு! கண்ணாடிப் பெட்டியைத் திறங்க சார்!”

“தீர்மானம் போட்டுப் பூட்டினது மேடம். தீர்மானம் போட்டுத்தான் திறக்கணும்.”

“அப்ப போட்டுத் தொலைங்க!”

“எழுதறதுக்குச் செக்ரெட்டரி வேணுமே?”

எல்லோரும் குனிந்து செக்ரெட்டரியைப் பார்த்தார்கள்.

அப்போது நான் பயந்தேன். இதையும் வேடிக்கையாகச் சொல்லப் பார்க்கிறேன், முடியவில்லை. மூச்சு வெளியேயும் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை. இதற்குள் பதினான்காவது பைக்கு வந்துவிட்ட புருடென்சியோ கண்ணீரோடு விசிறிக்கொண்டிருந்தார். விசிறியில் மேயர் வருவதும் போவதுமாகச் சிரித்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சாகப் போகிறேன் என்று நினைத்தேன்.

மெர்லிண்டா சட்டென்று தன் கொண்டையை அவிழ்த்தார். உள்ளேயிருந்து இன்னொரு தட்டைச் சாவி விழுந்தது. சிலிண்டர் சீறியது. முகத்தில் முகமூடி வந்து பொருந்தியது.

“மெதுவா இழுங்க, சார். அவசரமே இல்ல. நான் இங்கதான் இருக்கேன்.”

இழுத்தேன். வந்தது. வண்டியில் இருந்த மருந்தையும் அந்த முகமூடி வழியாகவே கொடுத்தார். கால் மணி நேரத்தில் நெஞ்சு இளகியது.

“ஒரு நிமிஷம்,” என்றார் என்ஜினியர். “இந்தச் சாவி எத்தனாம் நம்பர் பையிலேர்ந்து வந்துது?”

“தலையிலேர்ந்து, சார்.”

“தலையில என்னத்தையாவது வெச்சிருக்கறது இங்க அவங்க ஒருத்தர்தான்,” என்றார் புருடென்சியோ.

உட்கார முடிந்ததும் படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். ‘மிகவும் திருப்தி’ என்பதில் டிக் போட்டேன். அங்கியின் முதல் வெற்றி என்று மாகாணத்துக்கு அறிக்கை போனது. போட்டோவில் மேயரின் முகம் முழுசாக விழுந்திருந்தது.

மூன்றாம் நாள் மெர்லிண்டாவுக்கு மெமோ. ‘அங்கீகரிக்கப்படாத உலோகப் பொருளைக் கேசத்தில் மறைத்து வைத்ததற்கு எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் விளக்கம் தரவும்.’ எழுதியது நான்தான். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அவர் நின்றுகொண்டே படித்தார்.

“இப்ப மூச்சு எப்படி இருக்கு, சார்?”

“நல்லா இருக்கு, மேடம்.”

“அப்ப சரி. எங்க கையெழுத்துப் போடணும்?”

இடத்தைக் காட்டினேன். பதினைந்து நாள் சஸ்பென்ஷன்.

இப்போது மற்ற நகராட்சிக்காரர்கள் எல்லாம் எங்கள் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்க வருகிறார்கள். இருபத்தேழாம் எண்ணில் கழுத்துச் சாவி. முப்பத்து மூன்றாம் எண்ணில் கொண்டைச் சாவி. இடையில் முப்பத்திரண்டாம் எண் மட்டும் காலி. ‘செயலாளரின் உடல்நிலை கருதி, தனித் தீர்மானத்தின்படி விடுவிக்கப்பட்டது’ என்று அட்டை தொங்குகிறது. ஒவ்வொரு பொருளையும் காட்டி விளக்குவது நான்தான். முழுதாக முக்கால் மணி நேரம் பேசுகிறேன். ஒரு தடவைகூட எனக்கு மூச்சு வாங்குவதில்லை.