டர்போ அண்ணையும் தார் பூசிய பின்கதவும்

உலகத்தில் கார் வாங்கியவர்கள் எல்லாரும் அதில் ஏறிப் போவதற்காகத்தான் வாங்கியிருப்பார்கள். ஒரு தெருவையே அதன் பின்னால் நடக்க வைப்பதற்காகக் கார் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ஊர்காவற்றுறை டர்போ அண்ணைதான். நான் சும்மா சொல்லவில்லை. என் இடுப்பைக் கேளுங்கள், அது சொல்லும்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது பங்குச் சுவாமிக்கும் அவருடைய மனைவி ரீற்றா அக்காவுக்கும் மட்டும்தான் ஞாபகம். தொழில், மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது. அவர் கை வைத்த எஞ்சின் பிறகு நடுக்கடலில் முரண்டு பிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கெட்டித்தனம்தான் வினையாகப் போனது. வள்ளம் ஓடினால் காரும் ஓடும் என்று மனிதர் நம்பிவிட்டார்.

வெளிநாட்டு வாகனம் நாட்டுக்குள் வருவதை நிறுத்தி வைத்திருந்த காலம் அது. ஓட்டைச் சைக்கிளுக்கும் மவுசு. ஒருநாள் வள்ளத்து எஞ்சினுக்குச் சாமான் வாங்க பஸ்ஸில் யாழ்ப்பாணம் போன அண்ணை, காரில் திரும்பி வந்தார். காரில் வந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு லொறி கயிறு கட்டி இழுத்து வந்தது.

சிவப்பு நிறம். சின்ன உருவம். பின்கதவை மேலே தூக்கித் திறக்க வேண்டும். ஒரு காலத்தில் இளந்தாரிகள் பறப்பதற்கென்று டர்போ பூட்டிச் செய்த ஜப்பான் கார். கனடாவுக்குப் போக நின்ற ஒரு பெடியன், சின்ன வேலை ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லித் தலையில் கட்டியிருக்கிறான். அந்தச் சின்ன வேலை என்னவென்றால், இரண்டாம் கியர் போட்டால் துள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும், ஒயில் குடிக்கும், வெள்ளைப் புகை கக்கும், இடப்பக்கக் கதவை வெளியிலிருந்து திறக்க ஏலாது. மற்றபடி நல்ல கார். மனம் வந்தால் ஸ்ராட் ஆகும்.

டர்போ என்றால் என்ன என்று நான் வாய் திறந்து கேட்டிருக்கக் கூடாது. முதலில் சும்மா இருக்குமாம், பிறகு பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளுமாம். தள்ளியது நாங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. கரையில் வள்ளம் ஏற்றவோ இறக்கவோ யாராவது "ஏலேலோ" என்று குரல் கொடுத்தால், நிற்கிறவன் எவனும் கை வைக்காமல் போகக் கூடாது. சண்டைக்காரனுடைய வள்ளமானாலும் தள்ள வேண்டும். தள்ளியவனுக்கு வள்ளக்காரன் கறிக்கு மீன் கொடுப்பான். இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்த டர்போ அண்ணை, கார் வந்த கிழமையே சுவாமியைக் கூப்பிட்டு அதற்கு வள்ளத்துக்குச் செய்வது போல ஆசீர்வாதம் செய்வித்தார். அந்தோனியார் என்று பெயர் வைத்து, வள்ளத்தின் அணியத்தில் எழுதுவது போல முன்பக்கத்தில் நீல மையால் எழுதினார். தொலைந்த பொருளை எடுத்துத் தருகிற புனிதர் அவர். காரின் நட்டுகளில் பாதி தெருவில் கிடந்தபடியால் பெயர் பொருத்தம்தான்.

ஆசீர்வாதம் முடிந்த அடுத்த நாள் காலை அண்ணை படலையடியில் நின்று "ஏலேலோ" என்றார். தெருவே திகைத்தது. ஆசீர்வாதம் வாங்கிப் பெயரும் எழுதிவிட்டால் அதுவும் வள்ளம்தானே. தள்ளினோம். எஞ்சின் திருத்தின கூலிக்குப் பதிலாக வந்த மீனில் ஆளுக்கு ஒரு கோர்வை தந்தார். அன்றோடு எங்கள் வீட்டுப் பெண்கள் அந்தோனியாரின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். சட்டியில் கறி இல்லாத நாட்களில் என் மனைவியே, இன்னும் அண்ணை கூப்பிடவில்லையா என்று படலையை எட்டிப் பார்ப்பாள். படிப்பிக்கிற வாத்தியார் நான், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போவேன்.

அவருடைய வைத்தியமெல்லாம் வள்ளத்து வைத்தியம். உப்புக் காற்று பின்கதவைத் தின்னத் தொடங்கியதும் வள்ளத்துக்குப் பூசுகிற தாரைக் காய்ச்சிப் பூசினார். தார் காயவில்லை. எங்கள் வெயிலுக்கு அது ஒருநாளும் காயவில்லை. தள்ளுகிறவனின் உள்ளங்கை கறுத்துப் போகும். மண்ணெண்ணெய் போட்டு உரஞ்சினாலும் மூன்றாம் நாள்தான் கை கையாகும். கறுத்த கையோடு பூசைக்கு வருகிறவன் எந்தத் தெருக்காரன் என்று சுவாமிக்கே தெரியும்.

இன்னொரு நாள் யாழ்ப்பாணம் போகிற வழியில், பண்ணைப் பாலத்தில் எஞ்சின் கொதித்துவிட்டது. இரண்டு பக்கமும் தண்ணீர். அண்ணை வாளியை எடுத்துக் கடலில் மொண்டு ரேடியேட்டருக்குள் ஊற்றினார். உப்புத் தண்ணீர் ஆகாதே என்று கேட்டேன்.

"வள்ளத்து எஞ்சின் காலம் முழுக்க கடல்தண்ணிதான் குடிக்குது மாஸ்ரர். உதுக்கு மட்டும் என்ன பெரிய சீமாட்டி எண்ட நினைப்பே?"

சீமாட்டிதான் என்பது அடுத்த மாதம் ரேடியேட்டர் பொத்தல் பொத்தலாக ஒழுகியபோது தெரிந்தது.

இத்தனை பாடும் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எல்லாம் ரீற்றா அக்காவை அதில் ஏற்றுவதற்குத்தான். கலியாணத்தன்று பெண்ணைக் காரில் கோயிலுக்குக் கூட்டிப்போவேன் என்று அண்ணை வாக்குக் கொடுத்திருக்கிறார். வந்தது ட்ரெக்டர். மாரி மழையில், அதன் பின்னால் இழுக்கிற பெட்டியில் கதிரை போட்டு, கூறைச் சேலையில் சேறு தெறிக்க அக்கா கோயிலுக்குப் போனா. முப்பது வருடமாக அந்த ட்ரெக்டர் எங்கள் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறது. யாருடைய கலியாண வீடானாலும் அக்கா அதை வாயால் ஒருதரம் ஓட்டிக் காட்டாமல் விடமாட்டா. அண்ணை தலையைக் குனிந்துகொண்டு சோடா குடிப்பார்.

கார் வந்த அன்று அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு வசனம் சொன்னா.

"ஒருத்தரும் கை வைக்காமல் இது யாழ்ப்பாணம் போட்டு வரட்டும். அண்டைக்கு ஏறுறன்."

அன்றிலிருந்து அக்கா பஸ்தான். பண்ணைப் பாலத்தில் அந்தோனியார் வாயைத் திறந்தபடி நிற்க, அண்ணை தலையை உள்ளே விட்டுக் கிடக்க, பஸ் தாண்டிப் போகும். ஒருதரம் நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். அக்கா, அங்கே நிற்பது அண்ணையெல்லோ என்று கொண்டக்டர் கேட்டான். எந்த அண்ணை என்று கேட்டுவிட்டு அக்கா மற்றப் பக்க யன்னலுக்குத் திரும்பிவிட்டா.

ஒருநாள் கார் உண்மையாகவே யாழ்ப்பாணம் போய்த் திரும்பியதாம். அண்ணை குழந்தைப் பிள்ளை மாதிரி ஓடிப்போய்ச் சொன்னார். கண்டது யார் என்று அக்கா கேட்டா. தனியாகப் போன மனிதர் யாரைக் காட்டுவார்? தள்ளாத நாளுக்குச் சாட்சி இல்லை. அக்கா எங்களைக் கேட்டா. நாங்கள் தள்ளவில்லை, உண்மைதான், ஆனால் மீனும் வரவில்லை, ஆகவே ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் தெரு நினைத்திருந்தது.

அதனால் இரண்டாம் பயணத்துக்குச் சாட்சி தேவைப்பட்டது. வாத்தியார் பொய் சொல்லமாட்டார் என்று அக்காவே என்னைத் தெரிவு செய்தா. எனக்கு அப்போது இடுப்பில் பட்டி கட்டியிருந்தது. தள்ளுகிற வேலை இல்லை, இருந்து பார்க்கிற வேலைதானே என்று ஏறினேன்.

போனது. சத்தியமாகப் போனது. பாலத்தில் டர்போ தன் குணத்தைக் காட்ட, என் கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அண்ணை எஞ்சினை நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் திரும்ப வருமோ என்ற பயம். மருந்துக் கடையடியில் இறங்க வேண்டும் என்று கெஞ்சிப் பார்த்தேன். பஸ் நிலையத்தை ஒருதரம் சுற்றி, ஒரு பிளேன்ரீ கூடக் குடிக்க விடாமல் திருப்பிக்கொண்டு வந்தார். பாலம் தாண்டியது. வேலணை தாண்டியது. ஊருக்குள்ளும் வந்துவிட்டோம். எங்கள் தெருவுக்குத் திரும்புகிற முடக்கில் ஆட்டுப் பட்டி ஒன்று குறுக்கே வந்தது. அண்ணை பிரேக்கை மிதித்தார். எஞ்சின் இருமிவிட்டு நின்றது.

சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. இன்னொருதரம் திருப்பினார். ஆடுகள் போய்விட்டன. வெயில் எரிந்தது, தெருவில் ஒரு குருவி இல்லை. அண்ணை ஸ்ரேறிங்கைப் பிடித்தபடியே இருந்தார், எஞ்சினைப் பார்க்கக்கூட இறங்கவில்லை. அவரை அப்படி நான் ஒருநாளும் கண்டதில்லை.

"மாஸ்ரர், எனக்கு ஏலாமல் போச்சு. இனி அந்த ட்ரெக்டர் கதையைக் கேக்க எனக்குப் பெலமில்லை."

நான் இறங்கினேன். எனக்கும் பெலமில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே இருக்கவும் முடியவில்லை. பின்கதவில் கை வைத்துத் தள்ளினேன். இடுப்பில் எங்கோ ஒரு நரம்பு பிடித்தது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. அண்ணை உள்ளிருந்து கதவைத் திறந்து பிடிக்க, நொண்டிக்கொண்டு வந்து ஏறினேன்.

ரீற்றா அக்கா படலையடியில் நின்றா. கார் நின்று நான் இறங்கியதும் அண்ணையைப் பார்க்கவில்லை, நேரே என்னிடம் வந்தா. என்ன சொல்வது என்று நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னா:

"கையைக் காட்டுங்கோ மாஸ்ரர்."

காட்டினேன். இரண்டு உள்ளங்கையும் கன்னங்கரேலென்று மினுங்கின.

அண்ணை சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டார். இனி அது ஓடி என்ன, ஓடாமல் என்ன. அக்கா வீட்டுக்குள் போய்விட்டா. நாங்கள் இருவரும் வெயிலில் கிடந்தோம், அவர் உள்ளே, நான் வெளியே. வீட்டுக்குப் போய் மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தேடலாம் என்று நான் திரும்புகையில் கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது.

அக்கா வந்தா. திருநாளுக்கு உடுக்கிற நாவல் நிறச் சேலை. கையில் பை. இடப்பக்கக் கண்ணாடியில் தட்டினா. அண்ணை ஒன்றும் விளங்காமல் எட்டி உள்ளிருந்து திறந்துவிட்டார். அக்கா ஏறி, சேலைத் தலைப்பை மடியில் ஒழுங்காக எடுத்து வைத்துக்கொண்டு முன்னே பார்த்தபடி இருந்தா.

"கலியாணத்தண்டைக்கும் தள்ளித்தானே போனனாங்கள்" என்றா. "அந்த மழையுக்கையும் பாதிவழியில இறங்கி நீங்கள்தான் தள்ளினீங்கள். அதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அண்ணை மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாவியைத் திருப்பினார். அந்தோனியார் அசையவில்லை.

அக்கா யன்னலால் தலையை நீட்டி என்னைப் பார்த்தா.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள் மாஸ்ரர்? தள்ளுங்கோ."

இத்தனை காலத்தில் அந்தக் காருக்காக நான் ஒருதரமும் வாய் திறந்து யாரையும் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு இடுப்புப் பட்டியை இறுக்கிக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்க, முதல் "ஏலேலோ" சொன்னது நான்தான்.