நாலு மீட்டரும் ஒரு ஈர்க்குச்சியும்

வண்டி பாறசாலை தாண்டியதும் நின்றுவிட்டது. இரண்டு தரம் இருமியது, ஒரு தரம் விக்கியது, ஒரு புளியமரத்தடியில் போய் ஓய்ந்துவிட்டது. ரேடியோ மட்டும் ஓயவில்லை. யாரோ வீணை வாசித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி வடிவாம்பாள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன அத்தான், நின்னுட்டு?”

“எஞ்சின் சூடாயிருக்கும்.”

“சூடு மீட்டரு இல்லைங்குதே.”

“அப்ப பேட்டரி.”

“பாட்டு படிக்குதே.”

“ஆயிலா இருக்கும்.”

“நிக்குததுக்கு முன்னால பாத்தேன். ஆயில் முள்ளு நேராத்தான் நின்னுது.”

வண்டியில் நாலாவதாக ஒரு மீட்டர் உண்டு. பெட்ரோல் மீட்டர். அதைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் பேச்செடுக்கவில்லை. வடிவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு ராஜபாய் அக்கா, என் மாமியார் கொடுத்தனுப்பிய முறுக்கை நொறுக்கிக்கொண்டே, “கொள்ளாம், நல்ல நிழலு” என்றாள்.

இங்கே வந்து சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

என் பெயர் தாணுமாலயன். வயது பத்தொன்பது. பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையில் கணக்கு என்னைக் கைவிட்டது. மற்றப் பாடங்களை நானே கைவிட்டேன். அப்பா திட்டவில்லை. பதிலுக்கு இரண்டு காரியம் செய்தார். சாலைக் கடைத்தெருவில் இருக்கும் எங்கள் பலசரக்குக் கடையின் பிக்கப் வண்டியை என் கையில் கொடுத்தார். சுசீந்திரத்து மாமா மகள் வடிவை எனக்குக் கட்டிவைத்தார். இரண்டில் வண்டிக்குத்தான் பிரேக் உண்டு.

பொன்முடி, போனக்காடு எஸ்டேட்டுகளுக்கு அரிசியும் வற்றல் மிளகாயும் ஏற்றிப் போவது என் வேலை. கொண்டை ஊசி மாதிரி வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. பேச்சுத்துணை கிடையாது. வளைவில் ஒரு பசுமாடு நிற்கும். அதற்கும் மலையாளம்தான் தெரியும். ஒரு ரேடியோ இருந்தால் எப்படி இருக்கும் என்று ரொம்ப நாளாக ஆசை.

வடிவுக்கு வேறு ஆசை. போன மாசம் நெய்யாற்றங்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது நடுவழியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பட்டுப்புடவையோடு வண்டியைத் தள்ளினாள். தள்ளும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தியில் இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்த பிறகு, சாம்பார் வாளி எங்களிடம் வரும் நேரம் பார்த்துச் சொன்னாள்.

“வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, வண்டிக்குப் பெட்ரோல் மீட்டர் போடுங்க.”

சாம்பார் ஊற்றியவன் சிரித்தான். எனக்கு இரண்டு அகப்பை கூடுதலாக ஊற்றினான். அனுதாபம்.

பொன்முடியில் ஒரு எஸ்டேட் துரை தன் பழைய காரை உடைத்து விற்றார். அதிலிருந்து நாலு மீட்டர் வாங்கினேன். ரேடியோவும் கூட வந்தது. வடிவிடம் அப்படித்தான் சொன்னேன், “கூட வந்தது.” நாய்க்குட்டியைப் பற்றிச் சொல்வது மாதிரி. அவள் நம்பவில்லை. ஆனால் ரேடியோவைப் புடவைத் தலைப்பால் துடைத்து வைத்தாள்.

கரமனையில் எங்கள் வாடகை வீட்டு முற்றத்தில் வேலை தொடங்கியது. டேஷ்போர்டில் துரையின் ரேடியோவுக்கு இடம் பற்றவில்லை. துரைமார்களின் சாமான் எல்லாம் பெரிசு. உளி வைத்துத் தகரத்தை வெட்டினேன். வடிவு உள்ளேயிருந்து வந்தாள்.

“அத்தான், மாவு சலிக்கிற சல்லடையைக் கண்டீங்களா?”

“எதுக்கு?”

“மாவு சலிக்க.”

“அது ஸ்பீக்கருக்கு முன்னால இருக்கு. நல்லாப் பொருந்துது.”

அவள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். சல்லடைக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் வயலுக்கு உரம் போடச் சொல்லிக்கொண்டிருந்தது.

“இனிமே இடியாப்பம் கேட்டா, அவருகிட்ட கேட்டுக்கிடுங்க.”

அன்று தோசைதான்.

வடிவு வண்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து உளுந்து களைந்துகொண்டே ஒவ்வொரு மீட்டருக்கும் விளக்கம் கேட்டாள். இது பேட்டரிக்கு, இது சூட்டுக்கு, இது ஆயிலுக்கு, இது பெட்ரோலுக்கு. ஒருமுறை சொன்னேன். அவளுக்கு அது போதும். எனக்குப் பள்ளிக்கூடத்தில் அப்படி இருந்திருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது.

வினை இரண்டு பக்கமிருந்தும் ஒரே நாளில் வந்தது. கிறிஸ்மஸ் கழிந்ததும் கல்கத்தாவில் நியூசிலாந்துக்காரர்களோடு டெஸ்ட் மேட்ச், ரேடியோவில் கமென்டரி. அதே நாள் சுசீந்திரத்தில் மார்கழித் தேர். கல்யாணத்துக்குப் பிறகு எங்களுக்கு முதல் தேர்.

“நான் வரலை” என்றேன்.

“உங்க பேரு என்ன?”

“தாணுமாலயன்.”

“சுசீந்திரத்துச் சாமி பேரு என்ன?”

“அதேதான்.”

“அவரே தேர்ல ஏறி வாறாரு. உங்களுக்கு என்ன வந்தது?”

மேட்ச் என்று சொல்ல முடியவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. மாமனார் வீட்டில் அவள் பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக, “மருமகனே, பரீட்சை மறுபடியும் எழுதுதீகளா?” என்பார்கள். ஒருவர் கேட்டது அடுத்தவர் காதில் விழாது.

“பஸ்ல போயிட்டு வாயேன்” என்று சொல்லிப் பார்த்தேன்.

“அம்மைக்குச் செய்யச் சொன்ன பீரோவை மடியில வச்சுக்கிட்டா?”

தேக்கு பீரோ. சாலைக் கடைத்தெருத் தச்சரிடம் அவளே செய்யச் சொன்னது. ராஜபாய் அக்காவும் நாகர்கோவிலில் அம்மா வீட்டுக்கு எங்களோடு வருவதாக ஏற்பாடு. அவள் வீட்டுக்காரர் யோசுவா அண்ணன் சர்க்கார் பஸ் டிரைவர். அவரும் லீவு போட்டுவிட்டார்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் வாழ்க்கையிலேயே சிறந்த யோசனை என்று அப்போது நினைத்தேன். பெட்ரோல் மீட்டரின் பின்னால் ஒரு ஒயர் வருகிறது. அதைக் கழற்றிவிட்டால் முள் ‘இல்லை’ என்று படுத்துவிடும். நெய்யாற்றங்கரைக்குப் பிறகு வடிவுக்கு மீட்டர்தான் வேதம். முள் படுத்தால் அவளும் போக வேண்டாம் என்பாள். டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஒயரைக் கழற்றினேன். ஒரு நொடி வேலை.

தேர் அன்று காலை. பீரோ பின்னால் ஏறிவிட்டது. ராஜபாய் அக்காவும் யோசுவா அண்ணனும் பெட்டியோடு நின்றார்கள். வடிவு தலை நிறையப் பூவோடு வந்து உட்கார்ந்தாள். நான் சாவியைத் திருப்பினேன். மூன்று முள் எழுந்தது. நாலாவது எழவில்லை.

“ஐயோ, பெட்ரோல் இல்லையே வடிவு. யாரோ ராத்திரி எடுத்திட்டான்.”

“அப்படியா?”

“பங்க்கில இன்னைக்கு ஸ்டாக் இல்லைன்னு சொன்னான்.”

“யாரு?”

“பங்க்காரன்.”

“சரி அத்தான். நீங்க வீட்டில இருங்க.”

இவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டது எனக்கே கஷ்டமாக இருந்தது. இறங்கினேன். அவள் இறங்கவில்லை.

“யோசுவா அண்ணே, நீங்க ஓட்டுங்க.”

“பெட்ரோல் இல்லாமலா?” என்றேன்.

“போற வரைக்கும் போகட்டும். நின்னா தள்ளுவோம். தள்ளிப் பழக்கம்தானே.”

யோசுவா அண்ணன் சந்தோஷமாக ஏறி உட்கார்ந்தார். நல்ல டிரைவர். அவர் கியர் போட்டால் சத்தமே வராது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அப்ப ரேடியோ?”

“ரேடியோவா? அது வண்டியிலதானே இருக்கு.”

இருந்தது. எட்டு ஸ்குரூ போட்டு, சல்லடையோடு சேர்த்து முறுக்கியிருந்தேன். கழற்ற அரை நாள் ஆகும். கல்கத்தாவில் மேட்ச் தொடங்கப் போகிறது.

“நானே ஓட்டுதேன்” என்றேன்.

“பெட்ரோல்?”

“கொஞ்சம் இருக்கும்.”

“கொஞ்சமா?” என்றாள் வடிவு. யோசுவா அண்ணனை எழுந்திருக்கச் சொல்லி, தானும் இறங்கி, சீட்டைத் தூக்கினாள். டேங்க் அதன் அடியில்தான். தலையில் பூவுக்குள் செருகியிருந்த ஒரு நீளமான ஈர்க்குச்சியை உருவினாள். மூடியைத் திறந்து உள்ளே விட்டு எடுத்தாள். எங்கள் ஊர்ப்பக்கம் வீடுகளில் மண்ணெண்ணெய் டின்னில் எவ்வளவு இருக்கிறது என்று இப்படித்தான் பார்ப்பார்கள். அவள் அம்மாவும் அப்படித்தான். எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

“முக்கால் டேங்க் இருக்கு” என்றாள் ராஜபாய் அக்கா, எட்டிப் பார்த்து.

“நேத்து சாயந்திரம் பாக்கும்போதும் இவ்வளவுதான் இருந்துது” என்றாள் வடிவு. “யாரும் எடுக்கலை.”

யோசுவா அண்ணன் வானத்தைப் பார்த்தார். நான் வண்டியை எடுத்தேன். பாப்பனங்கோடு வந்ததும், “கழத்தின ஒயரை மாட்டிருங்க அத்தான்” என்றாள். சாதாரணமாக, உப்பு வாங்கி வாருங்கள் என்கிற மாதிரி.

“மாட்டுதேன்.”

வழியில் மேட்ச் கேட்கவில்லை. எஞ்சின் ஓடினால் ரேடியோவில் கரகரவென்று எஞ்சின்தான் கேட்டது. நியூசிலாந்துக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பொரி தின்கிற மாதிரி இருந்தது. சாலையோரம் நிறுத்தினால் தெளிவாகக் கேட்டது. நிறுத்தினால் வடிவு, “எதுக்கு நிறுத்துதீங்க, பீரோவுக்கு மூச்சு முட்டுதா?” என்றாள்.

ஆனால் சுசீந்திரத்தில் ஒரு அதிசயம் நடந்தது. மாமனார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ரேடியோவைத் திருப்பினேன். முதல் பெரியப்பா வந்தார். வாயைத் திறந்தார். பரீட்சை என்று நினைத்தேன்.

“மருமகனே, ஸ்கோர் என்ன?”

அப்புறம் ஒவ்வொரு சித்தப்பாவாக வந்தார்கள். பீரோ இறங்கிய இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கமென்டரி இங்கிலீஷில் வந்தது. எனக்குப் பாதி புரிந்தது, மீதியை நானே சொன்னேன். ஒருவரும் என்னைப் பள்ளிக்கூடம் பற்றிக் கேட்கவில்லை. மாமியார் சுக்குக் காப்பி கொண்டுவந்து, “மாப்பிள்ளைக்கு எல்லா மீட்டரும் பாக்கத் தெரியுதே” என்றாள். தேருக்கும் போனேன். வடிவோடு சேர்ந்து வடம் தொட்டேன். அவள் வடத்தைப் பிடித்துக்கொண்டே, “என்ன ஸ்கோரு?” என்றாள். அந்த நேரம் அவளைவிட நல்ல மனைவி திருவிதாங்கூரில் இல்லை என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. அதுதான் கஷ்டம்.

பேட்டரி இறங்காமல் இருக்க எஞ்சினை அடிக்கடி ஓடவிட்டேன். பேட்டரி முள் ஏறும், மேட்ச் கேட்கலாம், முள் இறங்கும், மறுபடி எஞ்சின். தேர் நிலைக்கு வந்த பிறகும் சித்தப்பாமார் நிலைக்கு வரவில்லை. நாங்கள் இருந்த நாளெல்லாம் இதே வேலை. பெட்ரோல் முள் மட்டும் எப்போதும் படுத்தே கிடந்தது. அது பொய்முள் என்று எனக்குத் தெரியும். அதனால் பார்க்கவேயில்லை.

நாகர்கோவிலில் ராஜபாய் அக்காவை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். யோசுவா அண்ணன் முன்னாலேயே டியூட்டிக்குப் போய்விட்டார். இப்போது பாறசாலைப் புளியமரத்தடிக்கு வந்துவிட்டோம். கதையின் மீதியைக் கேளுங்கள்.

“பெட்ரோல் தீர்ந்து போச்சு வடிவு” என்றேன்.

“தெரியும்.”

“எப்படி?”

“காலையில புறப்படும்போதே ஈர்க்குச்சி விட்டுப் பாத்தேன். நெய்யாற்றங்கரை தாண்டாதுன்னு நெனச்சேன். இது கொஞ்சம் முன்னாலேயே நின்னுட்டு.”

“அப்பமே சொல்லக் கூடாதா?”

“மீட்டர் இருக்கே. அது சொல்லும்னு இருந்தேன்.”

ராஜபாய் அக்கா முறுக்கை விழுங்க முடியாமல் தவித்தாள்.

“பின்னால காலி டின்னு இருக்கு” என்றாள் வடிவு. “பீரோ இருந்த இடத்தில. அந்த வளைவில பாருங்க, யோசுவா அண்ணன் பஸ்ஸு வாற நேரம்.”

டின்னை எடுத்தேன். “ரேடியோவை அணைச்சு வையி. பேட்டரி போயிரும்.”

“போனா என்ன? கைப்பிடி போட்டுச் சுத்துங்க.” சல்லடையிலிருந்து வீணை முடிந்து பெண்கள் நிகழ்ச்சி தொடங்கியது. இரண்டு பேரும் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

பஸ் வந்தது. யோசுவா அண்ணன் எனக்காகவே மெதுவாக நிறுத்தினார். சத்தமே இல்லை. டின்னோடு ஏறி அவருக்குப் பின்னால் நின்றேன்.

“என்ன தம்பி, டின்னும் கையுமா?”

“பெட்ரோல் தீர்ந்திட்டு.”

“நாலு மீட்டர் போட்டியே. ஒண்ணுகூட சொல்லலையா?”

அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஒயரை மாட்டச் சொன்னாள். நான் மாட்டவில்லை.