பேக்கப்பில் சிக்கிய மீசை

"தப்புங்குதுடி!"

மாரிச்செல்வம் போட்ட சத்தத்தில் கொட்டத்தில் படுத்திருந்த பந்தயக் காளைகள் இரண்டும் எழுந்து நின்றுவிட்டன. அடுப்படியில் இருந்த சண்முகவள்ளி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

"என்னத்தப் போட்டீக?"

"மயிலைன்னு போட்டேன், இல்லையாம். செவலைன்னு போட்டேன், அதுவும் இல்லையாம். பெத்த பிள்ளை மாதிரி வளத்த மாடுகடி! அதுக பேரையே இல்லைங்குது இந்தச் சனியன்!"

சனியன் என்று அவர் சொன்னது சண்முகவள்ளியின் போனை. அவருடைய சொந்தப் போன் அன்று காலையில்தான் வாலிநோக்கம் கடலில் ஜலசமாதி ஆகியிருந்தது. பந்தயம் முடிந்த மறுநாள் காளைகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் நீந்த விடுவார் மாரிச்செல்வம். மாட்டுக்குக் கால் வலி போகும் என்பது அவர் கணக்கு. நீந்தித் திரும்பிய செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்கக் குனிந்தார். சட்டைப் பையில் இருந்தது நழுவியது. அலை வாங்கிக்கொண்டது.

போன் போனால் போகட்டும். அதில் இருந்த ஒரு வீடியோவில்தான் இப்போது அவருடைய மானம் தொங்கிக்கொண்டிருந்தது. மானம் என்றால் மீசை.

சிக்கல் ஊரில் மீசைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கன்னத்தைக் குத்துகிற மீசைகள் இரண்டுதான். ஒன்று மாரிச்செல்வத்துடையது. இன்னொன்று மேலத்தெரு தர்மராஜுடையது. இரண்டு வீட்டிலும் நெய்யில் பாதி சோற்றுக்கு, மீதி மீசைக்கு. கோயிலில் எந்த மீசைக்கு முதல் மாலை என்று தகராறு. கல்யாணத்தில் எந்த மீசைக்கு முதல் இலை என்று தகராறு. போன மாதம் ஒரு காதுகுத்து வீட்டில் இரண்டு மீசையும் முட்டிக்கொண்ட களேபரத்தில், பிள்ளைக்குக் காது குத்தவே மறந்துபோனார்கள்.

இப்படிப்பட்ட இரண்டு மீசைகளும் நேற்று மாட்டுவண்டிப் பந்தயத்தில் மோதின. "தோத்தவன் மீசையை எடுத்துரணும்!" என்று இருவரும் மைக்கிலேயே சவால் விட்டார்கள். வண்டிகளோ எல்லைக்கொடியை ஒன்றாகத் தாண்டித் தொலைத்தன. கிளம்பிய புழுதியில் கமிட்டிக்காரர்களுக்கு எதுவுமே தெரியவில்லை. வண்டியை ஓட்ட ஆள் வைத்துவிட்டு, கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி, கொடிக்கம்பத்துக்குக் கீழேயே போய் நின்று படம் பிடித்த ஒரே ஆள் மாரிச்செல்வம். செவலையின் மூக்கு ஒரு சாண் முந்தியதை அவர் கண்ணால் பார்த்தார்.

அங்கேயே காட்டித் தொலைத்திருக்கலாம். மாட்டாரே!

"வீடியோ எங்கிட்ட இருக்கு! நாளைக்குச் சாயந்திரம் பெரிய திரை கட்டி ஊருக்கே போட்டுக் காட்டுறேன். காட்டலைன்னா என் மீசையை நானே எடுத்துக்கிறேன்!" என்று மைக்கைப் பிடுங்கி முழங்கிவிட்டு வந்துவிட்டார்.

ராத்திரி படங்கள் எல்லாம் தானாகவே பேக்கப் ஆகியிருந்தன. அந்தமட்டும் நல்லது. சண்முகவள்ளி போனில் அவர் கணக்கைப் போட்டதும் பேக்கப் வந்து வாசலில் நின்றது. பாஸ்வேர்டு கேட்டது. அந்தப் பூட்டைப் போடச் சொன்னதும் அவரேதான். காளைகளுக்கு என்ன தீனி வைக்கிறார் என்ற ரகசியம் தர்மராஜுக்குப் போய்விடக் கூடாதாம்.

"ஏங்க…" சண்முகவள்ளி கரண்டியைத் திருகிக்கொண்டே கேட்டாள். "ஒருவேளை என் பேரை வச்சிருப்பீகளோ?"

மாரிச்செல்வத்தின் முகம் பளிச்சென்று ஆனது. "ச… ண்… மு… க…" என்று ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொல்லிச் சொல்லித் தட்டினார். தெருவில் போன தயிர்க்காரம்மா நின்று கேட்டுவிட்டுப் போனாள்.

தவறு என்றது போன்.

"கட்டுன பொண்டாட்டி பேரைக்கூட வைக்கலையா?" அவள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "மாட்டுக்கு அப்புறமாச்சும் நான் வருவேன்னு நினைச்சேனே!"

"ஏய், அழாதடி! மறந்துபோச்சுன்னுதானே சொல்றேன்!"

போன் மணி அடித்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் சலூன் வைத்திருக்கும் காளீஸ்வரன்.

"அக்கா, அண்ணன் இருக்காரா? ஒண்ணுமில்ல, சாயந்திரத்துக்கு வேற ஆளுக கேக்குறாக. அண்ணனுக்காக நேரத்தை ஒதுக்கி வைக்கவா?"

"ஏலே, வைடா போனை!" என்று மாரிச்செல்வம் கத்தியதில் மயிலை கட்டுத்தறியை இழுத்தது.

சண்முகவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க மீசை போச்சுன்னா நான் தெருவுல எப்படித் தலைகாட்டுறது? வாங்க, சாயல்குடிக்குப் போவோம். பூட்டுப் போட்டுக் கொடுத்த தவ்ஃபீக்குக்குத் தெரியாமலா இருக்கும்?"

பைக் பறந்தது. எதிர்க்காற்றில் மீசையின் இரண்டு நுனியும் காதுக்குப் பின்னால் போய்ப் படபடத்தன.

மொபைல் கடை தவ்ஃபீக் இரண்டு கையையும் விரித்தான். "மாமா, அன்னைக்கு நீங்க பாஸ்வேர்டு போடையில நான் மொகத்தைத் திருப்பிக்கிட்டேன். அடுத்தவுக பாஸ்வேர்டைப் பாத்தா அல்லாவுக்குப் பதில் சொல்லணும்."

"உடைச்சுத் திறந்து விடேன்டா!"

"இதைச் செஞ்ச கம்பெனிக்காரன் வந்தாலும் திறக்க முடியாது மாமா. அப்படி ஒரு பூட்டு வேணும்னு நீங்கதானே ஒத்தக் கால்ல நின்னீக? இன்னொண்ணு. இப்படியே தப்புத் தப்பாப் போட்டா நாளைக்கு வரைக்கும் மொத்தமாப் பூட்டிக்கிரும். இன்னும் மூணு தடவைதான் விடும்."

மாரிச்செல்வம் ஸ்டூலில் உட்கார்ந்து நெற்றியைக் குத்திக்கொண்டார். சண்முகவள்ளி அவர் காதோரம் குனிந்தாள்.

"ஏங்க, உங்களுக்கு வாய் திறந்தா தர்மராஜைத் திட்டுற வார்த்தைதானே வருது? அதைத்தான் வச்சிருப்பீக."

"அடிச்சேடி! நீ ஆளுடி!" துள்ளி எழுந்தார். கடை அதிர எழுத்துக் கூட்டினார். "தர்… ம… ராஜ்… பூனை… மீ… சை!"

தவறு என்றது போன்.

"யாருக்குடா பூனை மீசை?" என்றது வாசல்.

தர்மராஜ் நின்றுகொண்டிருந்தார். மீசை துடித்துக்கொண்டிருந்தது.

"மாரி, உங்கிட்ட வீடியோ இருக்குன்னு ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்ல. ரெண்டு வண்டியும் சமம்னு சொல்லி முடிச்சுக்குவோம், மீசையை ரெண்டு பேரும் விட்டுருவோம்னு பேசத்தான் உன் வீட்டுக்குப் போனேன். நீ இங்கன வந்திருக்கேன்னாக. வந்து பாத்தா…" அவர் போனைப் பார்த்தார். தவ்ஃபீக்கைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "உங்கிட்ட ஒரு மண்ணும் இல்ல!"

"இருக்கு! உள்ள இருக்கு!"

"உள்ளயே இருக்கட்டும். சாயந்திரம் மைதானத்துல பாப்போம்." மீசையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுப் போனார்.

கைக்கு வந்த சமாதானம் காலடியில் விழுந்து உடைந்தது. மாரிச்செல்வம் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இனிமே என்ன மறைக்க வேண்டியிருக்கு?" என்றாள் சண்முகவள்ளி. "ஊர்க் குரூப்ல கேட்டுப்புடுவோம். நாலு பேரு மூளை சேந்தா வராமலா போகும்?"

அவரே மைக் பொத்தானை அழுத்திப் பேசினார். "எல்லாருக்கும் வணக்கம். என் பாஸ்வேர்டு என்னான்னு தெரிஞ்சவுக தயவுசெஞ்சு சொல்லவும்."

அவ்வளவுதான். குரூப் கொதித்தது.

"மாரியண்ணே, ஜல்லிக்கட்டுன்னு போடுங்க!" "பெரியப்பா, முதல் எழுத்தைப் பெரிசாப் போட்டுப் பாருங்க." "மச்சான், உன் கல்யாணத் தேதி. ஞாபகம் இல்லேன்னா தங்கச்சிகிட்டக் கேளு." குவைத்திலிருந்து ஒருவர், தான் பாஸ்வேர்டு மறந்த கதையை முதலிலிருந்து கடைசிவரை குரலில் அனுப்பினார்; கடைசியில் அவருக்கும் கிடைக்கவில்லையாம். கூட்டுறவு பால் சங்கச் செயலாளர் பேரீச்சம்பழம் என்றார். மாட்டுத் தீனி ரகசியம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று மாரிச்செல்வம் ஒரு கணம் ஆடிப்போனார்.

"எம்புட்டுப் பாசம் பாத்தியாடி ஊருக்கு!" அவர் குரல் தழுதழுத்தது. "ஒருத்தன் விடலை. எல்லாப் பயலும் எனக்காக மூளையைக் கசக்குறான்!"

"ஆமாங்க," என்றாள் சண்முகவள்ளி. "இந்தா, துர்காதேவி மதினி போட்டிருக்காக பாருங்க, குலசாமி பேருன்னு. எனக்கும் அதுதான் படுது."

சட்டையைச் சரிசெய்துகொண்டு, சாமியைக் கும்பிட்டுத் தட்டினார்.

தவறு. இன்னும் ஒரே ஒரு தடவை.

சாயங்காலம் மைதானத்தில் திருவிழாக் கூட்டம். குரூப்பில் விஷயம் பரவியதில் பக்கத்து ஊர்க்காரர்களும் வந்துவிட்டார்கள். பருத்திப்பால் வண்டி வந்திருந்தது. மேடையில் பெரிய வெள்ளைத் திரை வெறுமையாகத் தொங்கியது. மேடைக்குக் கீழே ஒரு நாற்காலி, அதன் மேல் மடித்த வெள்ளைத் துணி, பக்கத்தில் காளீஸ்வரன்.

கமிட்டித் தலைவர் வாவு முகம்மது மைக்கைத் தட்டினார். "மாரி, வீடியோ வருமா வராதா? மஹ்ரிபுக்கு பாங்கு சொல்லப் போறாக, நான் தொழுகப் போகணும்."

"பாய், ஒரு நிமிசம்!"

மாரிச்செல்வம் கண்களை மூடினார். அன்று தவ்ஃபீக் கடையில் நின்ற நிலையை நெஞ்சுக்குள் கொண்டுவந்தார். ஏதோ ஒன்று அசைந்தது. இன்னும் கொஞ்சம். இதோ, நாக்கு நுனிக்கு…

"வருது!" என்று அலறினார். "வருது! வருது!"

மைதானம் அப்படியே உறைந்தது. பருத்திப்பால் ஊற்றிய கை அந்தரத்தில் நின்றது. கூட்டத்தில் இருந்த தவ்ஃபீக் தலையில் கை வைத்துக்கொண்டான். சண்முகவள்ளியின் முகம் வெளிறியது.

"என்னங்க வருது?"

"பேரு! ஒரு பேருடி! ரொம்பப் பாசமா நினைச்சு வச்சேன். மனசு இளகிப் போயி வச்சேன்…"

சண்முகவள்ளி பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். "மனசு இளகின்னா… நம்ம செத்துப்போன கிடாக்குட்டியா? வெள்ளையன்! அவன் போன அன்னைக்கு நீங்க சோறுகூடத் திங்கலையே!"

"வெள்ளையன்!" மாரிச்செல்வத்தின் கண்ணில் நீர் கோத்தது. "அதேதான்டி! என் தெய்வமே! அதேதான்!"

மைக்கைப் பிடித்தபடியே எழுத்துக் கூட்டினார். ஒவ்வொரு எழுத்தும் ஒலிபெருக்கியில் முழங்கி, வயல்காட்டில் போய் எதிரொலித்தது. கடைசி எழுத்தைத் தட்டிவிட்டு, போனை இரண்டு கையாலும் வானத்துக்குத் தூக்கினார்.

போன் ஒருமுறை நடுங்கியது. தவறு. நாளைக் காலை வரை பூட்டப்பட்டுள்ளது.

ஊர் மொத்தமும் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டது. தர்மராஜ் மட்டும் விசில் அடித்தார்.

மாரிச்செல்வம் சொன்ன சொல் தவறாதவர். மேடையை விட்டு இறங்கினார். யாரும் பிடித்துத் தள்ளவில்லை, தானே நடந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். காளீஸ்வரன் துணியைப் போர்த்தினான். நுரை குளிர்ந்தது. வலப்பக்கம் போனது. இடப்பக்கம் போனது. நெய் ஊற்றி வளர்த்தது நுரையோடு நுரையாகப் போய்ச் சேர்ந்தது.

கண்ணாடியைக் காட்டினான். அதற்குள் இருந்தவரை மாரிச்செல்வத்துக்கு அடையாளமே தெரியவில்லை.

"பாக்க நல்லாத்தான் இருக்கு மாரி," என்றார் வாவு முகம்மது. "மாப்பிள்ளைக் களை வந்திருச்சு."

சண்முகவள்ளி ஓடி வந்து முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். புதுப்பெண் மாதிரி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு, பருத்திப்பால் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

"போச்சுடா காளி," மாரிச்செல்வம் வெறும் உதட்டைத் தடவினார். "ஜெயிச்சும் தோத்தேன். நாளைக்குப் பூட்டு விட்டாலும் அந்தப் பாஸ்வேர்டுக்கு நான் எங்கன போவேன்?"

காளீஸ்வரன் துணியை உதறினான்.

"‘வள்ளிக்கண்ணு ஒண்ணு ரெண்டு மூணு’ண்ணே. அன்னைக்குத் தவ்ஃபீக் கடையில நீங்க கூவிக் கூவிப் போட்டது ஊருக்கே தெரியும், உங்க மீசை எறங்குறவரைக்கும் எவனும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு அக்காதான் கண்டிசனாச் சொல்லியிருந்தாக. வெரசா நாளைக்குக் காலையில வீடியோவைத் திறந்து காட்டிருங்க. தர்மராஜண்ணன் வீட்டம்மா அவரு மீசைக்கு இப்பவே எங்கிட்ட நேரம் சொல்லி வச்சிருக்காக!"