குடைக்குள்ள வந்த ஆபீசர்

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான்.

மேல ரோட்டுல வந்து இறங்குற தாலுக்கு ஆபீசரை, தேயிலைக்காட்டு ஒத்தையடிப் பாதை வழியா கீழ, எஸ்டேட்டு ஆளுக குடியிருக்கிற எங்க லயத்துக்குக் கூட்டிட்டு வரணும். அவ்வளவுதான்.

அந்தப் பாதை போச்சுன்னா எங்க லயமே போச்சு. பள்ளிக்கூடப் பிள்ளைக ஏலப்பாறை பஸ்ஸைப் பிடிக்கிறது அதுலதான். பிரசவ வலி வந்தவளை நாற்காலியில உக்கார வச்சுத் தூக்கிட்டு ஓடுறதும் அதுலதான். பக்கத்துல புதுசா வந்த ரிசார்ட்டுக்காரங்க, "அந்தப் பாதையில ஆள் நடமாட்டமே இல்ல, அடைச்சுக்கிறோம்"னு எழுதிக் குடுத்துட்டாங்க. அதை நேர்ல பாக்கத்தான் ஆபீசர் வாராரு.

முந்தின நாளே யூனியன் செல்வம் எனக்குப் பாடம் எடுத்தான்.

"பேச்சிக்கா, கவர்மெண்டுகிட்ட பேசுறதுக்குன்னே சம்பளம் போட்டு ஒரு ஆள் வச்சிருக்காக அந்தக் கம்பெனியில."

"நாமளுந்தான மனு குடுத்திருக்கோம்?"

"நாம மனு குடுத்துட்டு வெளிய நிப்போம். அவரு ஆபீசர் பக்கத்துலயே நிப்பாரு. இப்பப் பாருங்க, ஆபீஸ் ஜீப்பு ஒர்க்‌ஷாப்புல கெடக்காம். 'நம்ம கார்லயே வாங்க சார்'னு கூட்டிட்டு வாராரு. அப்படியே கார்லயே சுத்திக் காட்டி, கார்லயே திருப்பி அனுப்பிருவாரு. நீங்க எப்படியாவது ஆபீசரைத் தனியாப் பிரிச்சுக் கீழ கொண்டாந்துருங்க. நழுவப் பாப்பாரு. 'நான் இல்ல, வேற ஆளு'ம்பாரு. விட்றாதீக!"

விடுவேனா நான்?

மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. சாயாக்கடை முன்னால கார் வந்து நின்னுச்சு. ரெண்டு பேரு இறங்குனாங்க. ஒருத்தர் வெள்ளைச் சட்டை, பளபளன்னு ஷூ, கையை வீசிட்டு வாராரு. இன்னொருத்தர் ரப்பர் செருப்பு, தோள்ல பை. தான் நனைஞ்சுகிட்டு வெள்ளைச் சட்டைக்குக் குடை பிடிக்கிறாரு.

ஆயுசுக்கும் கொழுந்து கிள்ளுனவ நான். எனக்கா ஆள் தெரியாது? எஸ்டேட்டுல துரைக்கு யாராவது குடை பிடிப்பாங்க. துரை இன்னொருத்தருக்குக் குடை பிடிச்சதை நான் கண்டதே இல்ல.

நேராப் போயி வெள்ளைச் சட்டை கையைப் பிடிச்சேன்.

"வணக்கம் சார், வாங்க, பாதையைப் பாக்கலாம்!"

குடைக்காரரைப் பாத்து, "தம்பி, நீங்க கடையில உக்காந்து சாயா குடிங்க. சாரை நான் பத்திரமாக் கொண்டாந்து விடுறேன்"ன்னேன்.

பாவம், "செரி சேச்சி"ன்னு மலையாளத்துல சொல்லிட்டுப் போயி உக்காந்துட்டாரு.

வெள்ளைச் சட்டை கத்துனாரு. "அம்மா, நான் ஆபீசர் இல்லம்மா!"

செல்வம் சொன்னது அப்படியே நடக்குது!

"தெரியும் சார். வாங்க."

"சத்தியமா நான் கவர்மெண்டு ஆளே இல்ல!"

"அப்ப யாரு?"

அவரு சுத்திப் பாத்தாரு. எங்க லயத்துப் பொம்பளைக நாலு பேரு, கையில அரிவாளோட, தலையில விறகுக் கட்டோட எதுக்க ஏறி வாராங்க. அரிவாளைப் பாத்துட்டு, "சும்மா... கூட வந்தவன்"ன்னாரு.

"கூட வந்தவருக்கா சார் குடை பிடிப்பாங்க?"

வாயைத் திறந்தாரு. அதுக்குள்ள வழுக்கி விழுந்துட்டாரு.

தூக்கி நிறுத்துனேன். "அய்யோ, கால்ல என்னமோ!"ன்னு குதிச்சாரு.

"அட்டை சார். ஒண்ணும் செய்யாது, குடிச்சிட்டு அதுவாப் போயிரும்."

மடியில இருந்த உப்பை எடுத்துத் தேச்சு விட்டேன். தேச்சுக்கிட்டே நம்ம கஷ்டத்தையும் சொன்னேன். "இந்தப் பாதை வேணுமா வேண்டாமா சார், நீங்களே சொல்லுங்க!"

"வேணும்மா, கண்டிப்பா வேணும். இன்னும் எவ்வளவு தூரம்?"

எவ்வளவு தங்கமான ஆபீசர்! எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

லயத்துல மாலையோட செல்வம் ஓடி வந்தான். வந்தவன் அப்படியே நின்னுட்டான்.

"அக்கா... யாரை இழுத்துட்டு வந்திருக்கீக?"

"ஆபீசரை."

"இவருதான்க்கா ரிசார்ட்டு ஆளு!"

தலையில இடி. "அப்ப குடை பிடிச்சது?"

"அவருதான் ஆபீசர்!"

பூமி பிளந்தா உள்ள போயிருவேன். ஊரே நம்பி ஒப்படைச்ச காரியம். ஆபீசரைச் சாயா குடிக்கச் சொல்லிட்டு, எதிராளிக்கு உப்புத் தேச்சு விட்டுட்டு வந்திருக்கேன்!

ரிசார்ட்டுக்காரர் ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுப் பாத்தாரு. சிக்னல் இல்ல. "நான் உடனே மேல போகணும்! சீக்கிரமாப் போக எது வழி?"

செல்வம் சொன்னான்: "நீங்க வந்த வழிதான் சார்."

திரும்பவும் ஏறுனோம். அவரு முன்னால, நாங்க பின்னால. அடைக்கச் சொன்ன பாதையில அப்படி ஒரு ஓட்டத்தை நான் பாத்ததே இல்ல.

மேல போனா, ஆபீசர் பெஞ்சுல உக்காந்து பழம்பொரி தின்னுட்டு இருக்காரு. அவரைச் சுத்தி விறகுக்காரப் பொம்பளைக, பள்ளிக்கூடப் பிள்ளைக. ரோட்டோரத்துல ஒரு பீரோ வேற நிக்குது. கல்யாணச் சீரு. அதைப் பாதை வழியா லயத்துக்கு இறக்க நாலு பேரு தலையில துண்டைச் சுருட்டிக்கிட்டு இருக்காங்க. நாங்க கீழ போனதுல இருந்து ஏறுனவங்க இறங்குனவங்க எல்லாரையும் அவரு பேரு கேட்டு எழுதிக்கிட்டு இருந்திருக்காரு. கூட நின்னு பேச்சை மாத்த ஆள் இல்லையே!

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "சார், மன்னிச்சுக்கோங்க. உங்களைப் போயி..."

"எதுக்கு சேச்சி? அவரு கார்ல வந்தேன், அந்தக் கடனுக்குத்தான் குடை பிடிச்சேன். இந்த மாதிரி தனியா உக்காந்து ஒரு இன்ஸ்பெக்‌ஷன் பண்ணி எத்தனை காலமாச்சு!"

அப்புறம் ரிசார்ட்டுக்காரரை மேலயும் கீழயும் பாத்தாரு. முட்டி வரைக்கும் சேறு. ஷூ ஒண்ணைக் காணோம்.

"சாரும் இந்த வழியாத்தானே போயிட்டு வந்தது? பின்னே, ஆள் நடமாட்டம் இல்லைன்னு நான் எப்படி எழுத?"

பாதையை அடைக்கக் கூடாதுன்னு அங்கயே எழுதிட்டாரு. திரும்பிப் போகும்போது காருல ஏறல. பஸ்ஸுல போனாரு.

செல்வம் அடுத்த ஆபீசர் வரும்போதும் என்னையே அனுப்பப் போறானாம். ஆபீசரைப் பிடிக்கிற சாமர்த்தியம் நமக்கு இல்லாட்டிப் பரவாயில்லப்பா. அவரு பக்கத்துல நிக்கிறவரைக் கையைப் பிடிச்சு ஒரு நடை கூட்டிட்டுப் போனாலே போதும்.