கோட்டு மகான் படித்த கோடு

கூடம் இருந்தது நாற்காலிக் கடைக்கு மேல்மாடியில். ஆனாலும் உட்கார நாற்காலி போதவில்லை. பல் டாக்டரின் மடியில் பஸ் டிரைவர் பாதி உட்கார்ந்திருந்தார். இருவரும் முகம் சுளிக்கவில்லை. கோட்டு மகான் வரப்போகிறார் என்றால் சும்மாவா?

மகான் பங்குச் சந்தையில் ஞானம் பெற்றவர். ஒரு கம்பெனியின் பங்கு விலை ஏறி இறங்கிய கோட்டைத் திரையில் போடுவார். ஒரு கண்ணை மூடுவார். நாளைக்கு விலை என்ன ஆகும் என்று சொல்லிவிடுவார். பலித்தால் கோட்டின் மகிமை. பலிக்காவிட்டால் கேட்டவருக்குப் பொறுமை போதாது. கட்டணம் மட்டும் எப்படியும் திரும்பாது.

பேக்கரிக்காரர் மனைவியோடு முன்வரிசையைப் பிடித்திருந்தார். கடையின் ஒரே ரொட்டி அடுப்பை விற்று, மகான் கைகாட்டிய பங்கில் மொத்தத்தையும் போடுவதாக ஏற்பாடு. காலையில் ஆள் வந்து அடுப்பைத் தூக்கிப் போவான்.

“அந்தக் கம்பெனி என்னதாங்க செய்யுது?” என்றாள் மனைவி.

“கோடு ஏறுதுடி.”

“ஆணி செய்யுதா, சோப்பு செய்யுதா? யாரு வாங்குறா? லாபம் வருதா, கடன்ல முழுகிக் கிடக்கா?”

“அதுக்குப் பேரு ஃபண்டமென்டல். வேற வேலையில்லாதவங்க பாக்குறது. நாங்கல்லாம் டெக்னிக்கல், கோட்டை மட்டும்தான் பாப்போம்.”

“நம்ம அடுப்பை வாங்குறவன்கூட பத்த வச்சுப் பாத்துட்டுத்தானே விலை பேசினான்? அவன் எந்தக் கட்சி?”

பேக்கரிக்காரருக்குக் கோபம் வந்தது.

அதற்குள் மகான் வந்துவிட்டார். கையில் ஒரு நீளமான ஸ்கேல். அதைக் கொண்டு தலையைத் தொட்டால் யோகமாம். வழுக்கைத் தலைகள் முண்டியடித்தன.

“கம்பெனி பேரே எனக்கு வேண்டாம். பேரு கண்ணை மறைக்கும்,” என்றார் மகான். “எந்தக் கோட்டை வேணும்னாலும் குடுங்க. கோடு பொய் சொல்லாது.”

மனைவி எழுந்துபோய்த் தன் போனை நீட்டினாள். பேர் இருந்த இடத்தை நறுக்கிவிட்ட படம். திரையில் ஒரு கோடு எகிறிக் குதித்து ஓடியது. மகான் ஒரு கண்ணை மூடினார். உடம்பு லேசாக ஆடியது.

“ஆகா, ரெண்டு தடவை பள்ளத்துல விழுந்து எழுந்திருக்கு. இனிமே விழாது, மேலதான் ஏறும். இந்த உச்சியைப் பாருங்க. பெரிய மனுஷங்க பணத்தோட உள்ள புகுந்துட்டாங்க.”

பேக்கரிக்காரருக்குப் புல்லரித்தது. “சாமி, இதையும் வாங்கலாமா?”

“கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்.”

“வாங்க முடியாதுங்க,” என்றாள் மனைவி. “அது இவரு விடுற குறட்டை.”

அவள் கணவனைக் கைகாட்டினாள்.

“குறட்டைக்கு வைத்தியம் பாக்குற டாக்டர் கேட்டாருன்னு ராத்திரி தலைமாட்டுல போனை வச்சேன். சத்தத்தை அளந்து அதுவே கோடு போட்டுக் குடுத்துச்சு. அந்த ரெண்டு பள்ளமும் இவரு புரண்டு படுத்தது. உச்சி, மல்லாந்தது. பெரிய மனுஷங்க யாரும் உள்ள வரலைங்க. நான் ஒருத்திதான் இருந்தேன்.”

சிரிப்பில் கீழ்க்கடை நாற்காலிகளே அதிர்ந்திருக்கும். மகான் தொண்டையைச் செருமினார். “எதோட கோடா இருந்தா என்ன? மேல ஏறும்னு சொன்னது சரிதான்.”

“ஏறும்தான். பக்கத்துல படுக்கிறவளுக்குத் தெரியாதா?”

பஸ் டிரைவர் டாக்டரின் மடியை விட்டு எழுந்தார். “போன வாரம் எனக்கு ஒண்ணு படிச்சீங்களே, அது யாரு இருமினது?”

மகான் கதவைப் பார்த்தார். கதவை மறித்து ஆட்கள் நின்றார்கள். கட்டணம் முதல்முறையாகத் திரும்பியது. பேக்கரிக்காரர் ஒரு மூலைக்குப் போய் போனில் பேசினார். “அடுப்பு விக்கலைங்க. ஆமாங்க, வீட்டுல சொல்லிட்டாங்க.”

கதை இதோடு முடிந்திருந்தால் நாடு உருப்பட்டிருக்கும். பல் டாக்டர் கைகட்டிக்கொண்டு வந்து அந்த அம்மாள் முன்னால் நின்றார். அவர் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது.

“அம்மா, உங்க ஃபண்டமென்டல் பாத்து ஒரு பங்கு சொல்லிடுங்க. போட்டுடுறோம்.”

“என்ன விக்கிறாங்க, கடன் எவ்வளவுன்னு பாத்து வாங்கினாலும் நஷ்டம் வரும்ங்க. ஆனா எங்க தப்பு பண்ணினோம்னாவது தெரியும். கம்பெனி எப்படின்னு நீங்கதான் பாக்கணும்,” என்றாள் அவள். “இப்பத்தான் ஒருத்தர்கிட்டேர்ந்து மூளையைத் திருப்பி வாங்கியிருக்கீங்க. வீடு போய்ச் சேர்ற வரைக்குமாவது அதைத் தலையில வச்சிருங்களேன்.”